என்ன வேலை செய்கிறீர்கள்? காமாலை பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

கண்ணின் வெண்மை மஞ்சளாகிய ஒருவர் உங்கள் முன் வந்து அமரும்போது, மது அருந்தும் பழக்கம் உண்டா, வெளியூரில் தண்ணீர் குடித்தாரா, அண்மையில் ஊசி போட்டுக்கொண்டாரா, பித்தப்பையில் கல் இருந்ததா, காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று நீங்கள் வரிசையாகக் கேட்கிறீர்கள். இக்கேள்விகளில் ஒன்றும் வீணானதன்று. ஆயினும் அவ்வரிசையில் எளிதில் விடுபட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு. அவர் என்ன வேலை செய்கிறார், அந்த வேலையில் எந்த வேதிப்பொருள் அவருடைய தோலிலும் மூச்சிலும் உணவிலும் கலக்கிறது என்பதே அது. நோயேட்டில் தொழிலைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘கூலி’ என்றோ ‘தனியார் வேலை’ என்றோ எழுதி முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இம்மடல் அந்த ஒற்றைக் கட்டத்தைப் பற்றியே உங்களிடம் பேச விழைகிறது.

வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தாக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அத்தாக்குதல் என்றதும் கல்லீரல் உயிரணுக்கள் அழிவதையே மனம் முதலில் எண்ணுகிறது. பித்தநீர் ஓடும் வழியான பித்தநாளமே சில நஞ்சுகளின் முதல் இலக்காக இருக்கக்கூடும் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. அவ்வாறு நாளம் காயப்படும்போது பித்தநீரின் வெளியேற்றம் எப்படிக் குலைகிறது என்பதை நினைவிற்கொண்டால், தொழிலைப் பற்றிய கேள்வி நோயறிதலின் நடுவிடத்துக்கு வரவேண்டியது ஏன் என்பது தானே விளங்கும்.

மனித உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 800 மில்லிலிட்டர் பித்தநீர் சுரக்கிறது என்பதும், அதன் பெரும்பகுதி கல்லீரல் உயிரணுக்களில் தோன்றி, அவற்றுக்கு இடையேயுள்ள நுண்கால்வாய்களில் இறங்கி, படிப்படியாகப் பருக்கும் நாளங்களின் வழியே குடலைச் சேர்கிறது என்பதும் நீங்கள் முதலாண்டிலேயே படித்த பாடம். அந்நாளங்களின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக அமைந்துள்ள பித்தநாள உயிரணுக்கள், கல்லீரலின் மொத்த உயிரணுக்களில் 3 முதல் 5 விழுக்காடே இருந்தாலும், வெறும் குழாய்ச் சுவராக இருந்துவிடுவதில்லை. சிறுகுடலிலிருந்து சீக்ரெட்டின் என்னும் இயக்குநீர் வந்து சேரும்போது, அவை குளோரைடு அயனிகளை நாளத்துக்குள் விட்டு, அவற்றுக்கு ஈடாகப் பைகார்பனேட்டை வெளியேற்றி, அதன் பின்னே நீரையும் ஈர்த்து, பித்தநீரைப் பெருக்கிக் காரத்தன்மை உடையதாக்குகின்றன. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீரில் உள்ள குளுக்கோஸை வீணாக்காமல் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இந்தப் பைகார்பனேட் படலம், சோப்பைப் போல் கொழுப்பைக் கரைக்கும் இயல்புடைய பித்த உப்புகளிலிருந்து அவ்வுயிரணுக்களையே காக்கும் குடையாகவும் அமைகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆகவே நாள உயிரணு காயப்பட்டால் பித்தநீரின் அளவு குறைவதோடு, அந்நீரின் கடுமையைத் தணித்துவந்த காவலும் போய்விடுகிறது.

இனி, அந்த நீரில் என்னென்ன போகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபின், கொலஸ்டிரால், செம்பு, மாங்கனீசு, நீங்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துகளில் பல ஆகியவற்றுக்குப் பித்தநீரே வெளியேறும் வழி. உடலுக்குள் வரும் அயல் வேதிப்பொருள்களைக் கல்லீரல் குளூட்டாத்தயோன் என்னும் காப்பு மூலக்கூற்றுடனோ குளுக்குரோனிக் அமிலத்துடனோ பிணைத்து, உயிரணுவின் நுண்கால்வாய்ப் பக்கத்துச் சவ்வில் உள்ள எம்ஆர்பி2 என்னும் ஏற்றுமதிப் புரதத்தின் வழியாக அவற்றைப் பித்தநீருக்குள் தள்ளுகிறது. இரத்தத்தில் மிகக் குறைந்த செறிவில் இருக்கும் ஒரு பொருள் பித்தநீரில் பன்மடங்கு செறிவடைவதற்கு இதுவே காரணம். கல்லீரல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இவ்வேற்பாட்டின் சுமை முழுவதும் அடுத்த படியிலுள்ள நாளத்தின் மேல் விழுகிறது.

இதை ஆய்வுக்கூடத்தில் தெளிவாகக் காட்டியது ஆல்ஃபா நாப்தைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருள். எலிகளில் பித்தத் தேக்கத்தை, அதாவது பித்தநீர் குடலுக்கு ஓடாமல் தடைப்படும் நிலையை, உண்டாக்குவதற்காகப் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்தி வருகின்றனர். கல்லீரல் உயிரணுவுக்குள் இது குளூட்டாத்தயோனுடன் பிணைகிறது. எம்ஆர்பி2 அப்பிணைப்பைப் பித்தநீருக்குள் ஏற்றுமதி செய்கிறது. அங்கே அந்தத் தளர்ந்த பிணைப்பு அவிழ்ந்து, நச்சு மீண்டும் தன் பழைய உருவில் நாள உயிரணுக்களின் முன்னே நிற்கிறது. அடுத்த ஓரிரு நாட்களுக்குள் நாளச் சுவர் சிதைந்து, நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு அழற்சியைப் பெருக்கி, பித்தநீரின் ஓட்டம் வீழ்ந்து, பிலிருபினும் பித்த உப்புகளும் இரத்தத்தில் ஏறுகின்றன. எம்ஆர்பி2 பிறவியிலேயே இல்லாத எலிகளோ இந்நஞ்சின் நாளச் சிதைவிலிருந்து பெரிதும் தப்புகின்றன. வெளியேற்றும் திறன் குறைந்த விலங்கு தப்பிக்க, நன்றாக வெளியேற்றும் விலங்கு காயப்படுகிறது என்னும் இம்முரண், பித்தநாளக் காயத்தைப் பற்றி நீங்கள் மனத்திற்கொள்ள வேண்டிய முதல் உண்மை.

இரண்டாவது உண்மையைக் கற்பிப்பது மெத்திலீன் டயனிலின். எப்பாக்சி பிசின்களை இறுகச் செய்யவும், பாலியூரித்தேன் தயாரிப்புக்குரிய மூலப்பொருளை உருவாக்கவும் பயன்படும் இது, மூச்சு வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலுக்குள் புகும். இப்பொருளை எலிகளுக்குக் கொடுத்துச் சில மணி நேரத்துக்குள் அவற்றின் பித்தநீரைச் சேகரித்துப் பார்த்த ஆய்வுகள், பெரிய பித்தநாளங்களின் உயிரணுக்கள் முதலில் சிதைவதையும், பித்தநீரில் குளுக்கோஸும் பாஸ்பேட்டும் ஏறுவதையும், பின்னர் ஓட்டமே தளர்வதையும் காட்டின. குளுக்கோஸைத் திரும்ப உறிஞ்ச வேண்டிய உயிரணு செயலிழந்து, இரத்தத்துக்கும் பித்தநீருக்கும் இடையில் வேலியாக நின்ற உயிரணு இணைப்புகளும் தளர்ந்ததன் அறிகுறி அது. அவ்விணைப்புகள் தளர்ந்தால் இரத்தத்திலுள்ளவை பித்தநீருக்குள்ளும், பித்தநீரில் உள்ளவை இரத்தத்துக்குள்ளும் கசியத் தொடங்கும். நீங்கள் கண்ணில் காணும் மஞ்சள் நிறம் இந்த வரிசையின் கடைசிப் படிகளில் ஒன்று. அதற்கு முன்பே பித்தநீரின் கலவை மாறி, ஓட்டம் குறைந்து, வேலி சிதைந்திருக்கும்.

ஓட்டம் குறைந்தபின் நிகழ்வன உங்களுக்குப் பழகியவை. வெளியேறாத பித்த உப்புகள் கல்லீரல் உயிரணுவுக்குள் தேங்கி அதையும் கெடுக்கின்றன. அவ்வுயிரணு தற்காப்பாக இரத்தத்திலிருந்து பித்த உப்பை உள்ளே இழுப்பதைக் குறைத்து, பின்வாசல் வழியாக அவற்றை மீண்டும் இரத்தத்துக்கே அனுப்புகிறது. இரத்தத்தில் ஏறிய பிலிருபினில் ஒரு பங்கைத் தாங்கிச் சிறுநீர் கறுக்கிறது. குடலுக்குப் பித்த நிறமி போகாததால் மலம் வெளிறுகிறது. கொழுப்பு செரிக்காததால் ஏ, டி, ஈ, கே என்னும் உயிர்ச்சத்துகள் உடலில் சேராமல், இரத்தம் உறைவது தாமதமாகிறது. உறக்கத்தைப் பறிக்கும் அரிப்பு தொடங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி என்னும் நொதி ஓரளவே ஏறியிருக்க, அல்கலைன் பாஸ்பட்டேசும் காமா ஜிடியும் முன்னிற்கும். ஏஎல்டி அதன் இயல்பு எல்லையைப் போல் எத்தனை மடங்கு என்பதை, அல்கலைன் பாஸ்பட்டேஸ் அதன் எல்லையைப் போல் எத்தனை மடங்கு என்பதால் வகுத்து, வருவது 2 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அது பித்தத் தேக்க வகை என்று நீங்களே முடிவு செய்கிறீர்கள். அதன்பின் ஸ்கேனில் கல்லையோ கட்டியையோ தேடுகிறீர்கள். இரண்டும் இல்லாதபோது, தொழிலைப் பற்றிய கேள்விக்குத் திரும்பிச் செல்லாமல், ‘காரணம் தெரியாத காமாலை’ என்று எழுதி மூடப்படும் ஏடுகளே இம்மடலின் மனக்குறை.

அக்கேள்வியைப் போன்ற ஒன்று கேட்கப்பட்டதால் தெளிந்த ஒரு நிகழ்வு மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1965ஆம் ஆண்டு பிப்ரவரியில், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த எப்பிங் என்னும் ஊரில் 84 பேர் அடுத்தடுத்துக் காமாலைக்கு ஆளாயினர். அவர்களில் பலருக்குத் திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்து, சில நாட்களில் மஞ்சள் நிறம் தோன்றியது. வலியை மட்டும் பார்த்தால் பித்தப்பைக் கல் என்று தோன்றும். கூட்டமாக வந்ததை மட்டும் பார்த்தால் தொற்றுக் காமாலை என்று தோன்றும். கோபெல்மன் முதலிய மருத்துவர்கள் இவ்விரண்டிலும் நின்றுவிடாமல், நோயுற்றோர் அனைவருக்கும் பொதுவானது எது என்று தேடியபோது, ஒரே இடத்து முழுக்கோதுமை ரொட்டியை அவர்கள் உண்டிருந்தது வெளிப்பட்டது. மாவு மூட்டையை ஏற்றிவந்த வண்டியிலேயே மெத்திலீன் டயனிலின் கொண்ட கொள்கலனும் ஏற்றப்பட்டு, அதிலிருந்து சிந்திய பொருள் மாவில் ஊறியிருந்தது. நோயாளிகளின் கல்லீரல் திசுவைப் பார்த்தபோது பித்தநாளங்களைச் சுற்றிய அழற்சியும் பித்தத் தேக்கமும் காணப்பட்டன. 1966இல் அம்மருத்துவர்கள் எழுதி வெளியிட்ட கட்டுரை, பின்னாளில் எலிகளில் நடந்த ஆய்வுகளுக்கு வழிகாட்டிற்று. அதாவது, ஆய்வுக்கூடம் அறிவதற்கு முன்பே நோயாளியிடம் கேட்டவர்கள் அறிந்துகொண்டனர்.

எப்பிங்கில் ஒருவரும் இறக்கவில்லை, அவர்கள் குணமடைந்தனர். இந்நற்செய்திக்குள் உங்களுக்கான எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. நஞ்சின் வரவு நின்றதும் பித்தநாள உயிரணுக்கள் தழைத்து நாளத்தை மீண்டும் மூடிக்கொள்ளும் ஆற்றலுடையவை என்பதால், காரணம் தெரியாமலே நோய் தணிந்துவிடக்கூடும். அப்போது கீழாநெல்லி குடித்தவர் கீழாநெல்லியால் தணிந்தது என்பார். குளுக்கோஸ் ஏற்றியவர் குளுக்கோஸால் தணிந்தது என்பார். நீங்களோ அது ஏதோ ஒரு வைரஸாக இருந்திருக்கும் என்று எழுதுவீர்கள். குணமடைந்தவர் மறுவாரம் அதே வேலைக்குத் திரும்பி, அதே கலனைத் திறந்து, அதே கைகளால் உணவை உண்பார். வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்த நாட்களே அவருக்கு மருந்தாயின என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

கேள்வி நெடுங்காலம் கேட்கப்படாமல் போனதன் விளைவை ஜப்பானின் ஒசாகா நகரம் காட்டுகிறது. அங்கே ஓர் அச்சகத்தில், அச்சு மாதிரிப்படி எடுக்கும் பிரிவில், ஒவ்வொரு படிக்கும் பின்னர் உருளையில் படிந்த மையைத் துடைக்க 1,2-டைகுளோரோபுரோப்பேன், டைகுளோரோமீத்தேன் ஆகிய கரைப்பான்கள் தாராளமாகப் பயன்பட்டன, காற்றோட்டமோ போதவில்லை. அங்கே வேலை செய்த 62 ஆண்களைப் பற்றி குமகாய் ஷின்ஜியும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களில் 11 பேருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்திருந்தது. 6 பேர் இறந்திருந்தனர். முதுமையில் வருவதாக நீங்கள் எதிர்பார்க்கும் அந்நோய், அவர்களுக்கு 25 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் வந்தது. பின்னர் நோயுற்றோரின் எண்ணிக்கை 17ஆக உயர்ந்தது. அவர்கள் ஒரே நாளில் ஒரே மருத்துவமனைக்கு வரவில்லை. பல ஆண்டுகளில், ஒருவர் பின் ஒருவராக நோயுற்றனர். அவர்களில் பலர் அவ்வேலையை விட்டுப் போனவர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஓர் அரிய நோயின் துரதிர்ஷ்டமான எடுத்துக்காட்டு மட்டுமே. தொழில் என்னும் கட்டத்தை நிரப்பி ஏடுகளை அருகருகே வைத்தால்தான் அவர்கள் ஒரே அறையிலிருந்து வந்தவர்கள் என்பது தெரியும்.

அந்நோயாளிகளில் பலருக்குக் காமா ஜிடி உயர்ந்திருந்தது. புற்றுக்கட்டி அடைக்காத இடங்களிலும் கல்லீரலின் உட்புற நாளங்கள் விரிந்திருந்தன. அகற்றிய திசுக்களில் நாட்பட்ட நாளக் காயமும், புற்றுக்கு முந்திய மாற்றங்களும் காணப்பட்டன. அக்கரைப்பானைக் கல்லீரல் குளூட்டாத்தயோனுடன் பிணைக்க, அப்பிணைப்பு பித்தநீரில் கலந்து நாள உயிரணுக்களைச் சென்று தாக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எலியில் கண்ட அந்த முரண் மனிதரிடமும் தலைகாட்டுவதாக இதைக் கொள்ளலாம். 2013இல் ஜப்பான் அரசு இதைத் தொழிலால் வந்த நோயாக ஏற்றது; 2014இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1,2-டைகுளோரோபுரோப்பேனை மனிதருக்குப் புற்றுண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. இவ்வளவும் நிகழ்வதற்குள் எத்தனை மருத்துவர்களின் கைகளில் அந்த இளைஞர்களின் நாடி துடித்திருக்கும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொழிலைக் கேட்பது நோயுற்றவரோடு முடிந்துவிடுவதும் இல்லை; அவரைக் கருவில் சுமந்த தாய்வரை அக்கேள்வி நீளக்கூடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பரிங்ஜக் அணையைச் சுற்றிய பகுதியில், 1964, 1988, 2007 ஆகிய ஆண்டுகளில், பித்தநாளங்கள் சரியாக அமையாத ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. வறட்சியில் நீர் வற்றி வெளிப்பட்ட அணைக்கரையில் முளைத்த டிஸ்பேனியா இனச் செடிகளைச் சினையாடுகள் மேய்ந்திருந்தன. அச்செடியிலிருந்து பிலியாட்ரிசோன் என்னும் நச்சு பிரிக்கப்பட்டு, 2015இல் அறிவிக்கப்பட்டது. வரிக்குதிரை மீனின் இளம் உயிர்களில் அது பித்தப்பையையும் வெளி நாளங்களையும் தேர்ந்தெடுத்துச் சிதைத்ததோடு, குளூட்டாத்தயோன் இருப்பையும் குறைத்தது. உண்ட தாய் ஆடு நலமாக இருக்க, உண்ணாத குட்டியே பழுதுற்றது. மனிதக் குழந்தைகளின் பித்தநாள அடைப்புக்கு இச்செடி காரணம் என்று இதனால் முடிவு கட்ட இயலாது. எனினும், வெளிறிய மலத்தோடும் தணியாத மஞ்சளோடும் கொண்டுவரப்படும் பச்சிளங் குழந்தையைப் பார்க்கும்போது, தாய் கருவுற்ற காலத்தில் எங்கே என்ன வேலை செய்தார், எதை உட்கொண்டார் என்று எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால்தான், என்றாவது ஒருநாள் மனிதருக்குரிய காரணமும் புலப்படும்.

உங்கள் மருந்துச் சீட்டும் இக்கேள்விக்கு உட்பட்டதே. அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலக் கூட்டு, ஃபுளூகுளாக்சசிலின், குளோர்புரோமசின் ஆகியவை பித்தத் தேக்கத்தை உண்டாக்கக்கூடியவை என்பது நன்கறிந்த செய்தி. முதற்கூறிய கூட்டு மருந்தால் வரும் காமாலை, அதை நிறுத்திச் சில வாரங்கள் கழிந்த பின்னரும் தோன்றக்கூடும் என்பதால், ‘இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்ற கேள்வி போதாது. ‘கடந்த இரண்டு மாதங்களில் என்ன சாப்பிட்டீர்கள்’ என்றே கேட்க வேண்டும். அரிதாகச் சிலரிடம் இத்தகைய காயம் ஆறாமல், சிறு நாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோகும் நிலை ஏற்படுகிறது. அழிந்த நாளங்களுக்கு உரிய கல்லீரல் பகுதியிலிருந்து பித்தநீர் வெளியேற வழியே இல்லாமற்போகிறது. காயத்தின் முதல் வாரத்தில் காரணத்தை நிறுத்துவதற்கும் மூன்றாம் மாதத்தில் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு, ஒருவரின் எஞ்சிய வாழ்நாளாகவே இருக்கக்கூடும்.

இதற்கு உங்கள் பக்கத்து மறுமொழிகளை இம்மடல் அறியாமல் இல்லை. புறநோயாளர் வரிசை வாசலைத் தாண்டி நீள்கிறது. ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. வைரஸும் மதுவும் கல்லும் நாள்தோறும் வருகின்றன. நச்சு நாளக்காயமோ அரிது. கேட்டாலும், கலனுக்குள் இருப்பது என்னவென்று தொழிலாளிக்குத் தெரிவதில்லை. ‘தின்னர்’, ‘ஹார்டனர்’, ‘வாஷ்’ என்று கடையில் வழங்கும் பெயரையே அவர் சொல்வார். இம்மூன்றும் உண்மையே. ஆயினும், கேட்கப்படாத ஒன்றை அரிது என்று எதைக் கொண்டு அளப்பது? ஒசாகாவில் முதல் நோயாளிக்கும் ஆய்வறிக்கைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நோய் அரிதாகவே எண்ணப்பட்டது. நேரமின்மையைப் பொறுத்தவரை, பிடிபடாத காமாலைக்காக எழுதப்படும் ஸ்கேன்களுக்கும் மறுபரிசோதனைகளுக்கும் ஆகும் நேரமும் செலவும், ஒரு கேள்விக்கு ஆகும் அரை நிமிடத்தோடு ஒப்பிடத் தக்கவை அல்ல. பெயர் தெரியாத கலனைப் பற்றிய குறையோ, அக்கலனின் சீட்டைப் படமெடுத்து வரச் சொன்னால் பெரும்பாலும் நீங்கிவிடும்.

புதிய கோரிக்கை எதையும் இம்மடல் கண்டுபிடித்துவிடவில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் வெளியிட்ட நூலில், நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்பவற்றோடு அவருடைய தொழில் என்ன என்பதையும் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இந்தியச் சட்டமும் இதை மறந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், நச்சுப் பொருள்களால் வரும் காமாலையை அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்து, அந்நோயாளிக்கு மருத்துவம் பார்ப்பவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. கேள்வியே கேட்கப்படாதபோது அந்த அட்டவணை வெறும் தாளாகவே கிடக்கும். அச்சகங்கள் செறிந்த சிவகாசியிலும், தோலும் சாயமும் பிசினும் கையாளப்படும் ஊர்களிலும் மருத்துவம் பார்க்கும் உங்களுக்கு, பட்டியலில் உள்ள அந்த வரி எழுதப்பட்டதன் நோக்கம் மற்றவர்களைவிட அண்மையில் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் வேண்டுவன சிலவே. காமாலையோடு வரும் ஒவ்வொருவரிடமும், அவர் இப்போது செய்யும் வேலையையும், அதற்கு முன் 20 ஆண்டுகளில் செய்த வேலைகளையும் கேளுங்கள். ஒசாகாவில் பலர் நோயுற்றது அந்த அறையை விட்டு நீங்கிய பிறகே என்பதை நினைவிற்கொள்ளுங்கள். ‘கூலி’ என்று எழுதுவதற்கு மாறாக, ‘அச்சு உருளையைக் கரைப்பானால் துடைப்பவர்’ என்றோ ‘எப்பாக்சித் தரை போடுபவர்’ என்றோ, கை எதைத் தொடுகிறது என்பது விளங்குமாறு எழுதுங்கள். அவருடைய வீட்டிலோ பணியிடத்திலோ வேறு எவருக்கேனும் அதே நோய் வந்ததா என்று கேளுங்கள். இருவர் என்று தெரிந்த உடனே, அது உங்கள் அறைக்குள் அடங்கும் செய்தி ஆகாது. அறிவிக்க வேண்டிய அலுவலருக்கு அறிவியுங்கள்.

பரிசோதனை முடிவு பித்தத் தேக்கத்தைக் காட்டி, ஸ்கேனில் அடைப்பு ஏதும் தென்படாதபோது, அடுத்த பரிசோதனையை எழுதுவதற்கு முன் மீண்டும் அந்தக் கேள்விக்கே திரும்புங்கள். ஐயம் எழுந்தால் மருந்துக்கு முன்பாக வேதிப்பொருளின் வரவை நிறுத்துங்கள். தேவையான விடுப்புக்குச் சான்று கொடுங்கள். அவருடைய வேலை பறிபோகாத வண்ணம் அச்சான்றின் சொற்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் கொடுக்கும் மருந்துகளில் ரிஃபாம்பிசின், வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின் போன்றவை பித்தநீர் வழியாகவே பெரிதும் வெளியேறுபவை என்பதால், வாசல் அடைபட்ட உடலில் அவற்றின் அளவை மறுபடி கணக்கிடுங்கள். இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்து, தேவையெனில் உயிர்ச்சத்து கே கொடுங்கள். மஞ்சள் தணிந்த பின்னும் காமா ஜிடியும் அல்கலைன் பாஸ்பட்டேசும் இயல்புக்குத் திரும்பினவா என்று பாருங்கள். நிறம் மறைந்தது நாளம் ஆறியதற்குச் சான்றாகாது.

உங்களிடம் பயிலும் மாணவர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கற்பதற்கு முன்பாக நோயாளியின் உள்ளங்கையைப் பார்க்கக் கற்பித்தால், அதில் படிந்த மையும் பிசினும் சாயமும் நோயேட்டின் முதல் வரியை எழுதிவிடும். ஆய்வுக்கூடங்கள் பித்தநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேகரித்து அளந்து, நாளம் எவ்வாறு காயப்படுகிறது என்று சொல்லிவிட்டன. அது யாருக்கு, எங்கே, எந்தக் கலனிலிருந்து வருகிறது என்பதைச் சொல்ல உங்களையன்றி வேறு எவரும் இல்லை. நாளைக் காலை உங்கள் முன் வந்து அமரும் முதல் காமாலை நோயாளியிடம், நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன் கேளுங்கள்: என்ன வேலை செய்கிறீர்கள்?

அவர் சொல்வதை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.